கை எடுத்தால் நின்றுவிடும்

பச்சை விளக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் போனது.

"போச்சு" என்றார் போர்டுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

போர்டுக்காரர் என்று சொன்னால் அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும். தண்ணீர் மோட்டார், எடைத் தராசு, லிஃப்ட் கதவு என்று கேட்டவர் கேட்டபடி சர்க்யூட் வரைந்து, போர்டு அடித்து வரவழைத்து, ஓடவைத்துக் கொடுப்பவர். வரைவது அவர், சால்டர் வைப்பது அவர் மனைவி. முன்னறையில் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே உட்கார்ந்து கடுகளவுச் சாமானை இடுக்கியால் தூக்கிவைத்து ஈயத்தைத் தொட்டுவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் புகை பட்டாலே தும்முவாள். இப்போது அந்த வாசனை இல்லாத நாளில்தான் தலையை வலிக்கிறது என்பாள். வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். கொழுந்தன் மனைவி சின்னவள்.

பின்னறையில் படுத்திருந்தவன் கொழுந்தன். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டவன். வாயைத் திறந்தானென்றால் முட்டைக்கோஸ் மூட்டைக்கும் சிரிப்பு வரும். அழுகல் தக்காளியைக்கூட நாலு பேரைச் சண்டைபோட வைத்து விற்றுவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு முதலில் நாக்குதான் குழறியது. குடித்துவிட்டு ஏலம் விடுகிறான் என்று பேசினார்கள், ஒரு சொட்டைத் தொட்டறியாதவனை. அப்புறம் கை, கால், கழுத்து என்று நரம்புகள் வரிசையாகக் கைவிட்டன. கடைசியில் கண் மட்டும் மிஞ்சியது. அறிவு துளியும் மங்காது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று பெரியவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கண்ணை மூடினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை. அதற்குமேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுத்து அட்டை. சின்னவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக விரலை ஓட்டுவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவன் கண்ணை மூடுவான். தமிழில் எழுத்துக்கா பஞ்சம்? 'தண்ணீர்' என்று முடிப்பதற்குள் அவனுக்குக் கண்ணில் நீர் வழியும், இவளுக்குக் கை கடுக்கும். பாதிச் சொல்லிலேயே இவள் ஊகித்துத் தலையாட்டிவிடுவாள். அவன் சொல்ல வந்தது வேறாக இருக்கும். சரி போ என்று அவனும் விட்டுவிடுவான்.

அதற்காகத்தான் இந்த மெஷின். கண் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு கேமரா, சொல்வதைப் படித்துக்காட்ட ஒரு ஒலிபெருக்கி, கட்டிலோடு பொருத்துகிற மாதிரி ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி ஓட்டை ஒன்றே ஒன்று. ஒற்றைக் குழாயில் நாலு குடத்துக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி, அந்த ஒரு ஓட்டையை நாலாக்கிப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு சிப்பு உண்டு. ஹப் சிப்பு. அதை நடுவில் வைத்து போர்டுக்காரர் ஒரு போர்டு வரைந்தார். அந்தப் போர்டுதான் கண்ணாமூச்சி ஆடியது. சில சமயம் இரண்டு கேமராவும் வரும், ஒலிபெருக்கி வராது. சில சமயம் எல்லாம் வந்து, இவர் எழுந்து தம்பியிடம் சொல்லப் போவதற்குள் மொத்தமாக அணைந்துவிடும். 'இன்ன சாதனம் என்று தெரியவில்லை' என்று திரையில் எழுத்து வரும்.

"என்னையே தெரியலைங்குது பாரு" என்பார்.

வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு நோய் தீராது என்பார்கள். அப்படித்தான் ஆயிற்று.

நாள் இருந்தால் பரவாயில்லை. மூச்சுப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அண்ணனையும் பெரியவளையும் தனியே உட்காரவைத்துப் பேசினார்.

"மூச்சு தளர்ந்துகிட்டே வருது. ஒரு கட்டத்துல தொண்டையில குழாய் வைக்கணுமா வேண்டாமான்னு கேப்போம். வச்சா வருஷக்கணக்குல இருக்கலாம். ஆனா இப்படியே, அசைவில்லாம. வைக்கலைன்னா வலியில்லாம போறதுக்கு நாங்க பாத்துக்குவோம். முடிவு அவரோடது. உங்களோடது இல்ல. தெளிவா இருக்கும்போதே கேட்டு வச்சுடுங்க. குழாய் வச்சப்புறம் எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல."

"மெஷின் தயாராயிட்டிருக்கு டாக்டர்" என்றார் போர்டுக்காரர். "அவன் வாயாலயே சொல்லுவான்."

"சீக்கிரம்" என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் பெரியவள் டீ போட்டுக்கொண்டு வந்து சால்டர் மேசையின் ஓரத்தில் வைத்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இந்த ஹப்பு கடையில கிடைக்காதா? தனியா கரண்ட் குடுக்கறது, நல்லதா ஒண்ணு வாங்கினா நாளைக்கே மாட்டிடலாமே."

"கிடைக்கும்."

"அப்புறம்?"

"கட்டில்ல தொங்கும். ஒயரு இழுபடும். ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கறப்போ புடுங்கிக்கும். என் தம்பி வாய் என்ன கடைச்சரக்கா?"

"கடைச்சரக்குன்னா பேசாதா?"

"நீ சால்டர் வைக்கிற வேலையைப் பாரு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதனால் அன்றைக்கு அதோடு விட்டாள். ஆனால் மனசு விடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்னவளிடம் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"மெஷின் வர்றபடி வரட்டும். கண்ணாலயே கேட்டுட்டா என்ன? ஆமாவா, இல்லையான்னு. நீ கேளேன்."

சின்னவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள்.

"நான் கேக்க மாட்டேன்க்கா."

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவாரு."

பெரியவள் குழாயைத் திறந்துவிட்டு மீதிப் பாத்திரத்தைக் கழுவினாள்.

மறுபடியும் கணவரிடம்தான் வந்தாள். அவர் சூடுகாற்றுத் துப்பாக்கியால் சிப்பைச் சுட்டுக்கொண்டிருந்தார். சிப்பின் அடிவயிற்றில் ஈயம் ஒட்டவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம்.

"கண்ணாலயே கேட்டுட்டா என்னங்க?"

"உயிர் விஷயத்தை, கஞ்சி வேணுமா வேண்டாமாங்கற மாதிரி கேக்கச் சொல்றியா? அவன் நாலு வார்த்தை பேசணும். நான் நாலு வார்த்தை பேசணும். ஏன்டா, எதுக்குடான்னு சண்டை போடணும். அதுக்கப்புறம்தான் முடிவு. பேசாம எடுத்தா அது என்ன முடிவு?"

நியாயம் மாதிரிதான் இருந்தது. நியாயம் மாதிரி இருப்பதால்தானே இத்தனை நாள் ஓடியது.

அடுத்து வந்த நாளெல்லாம் அவர் அந்தப் போர்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மின்சாரம் சரியாக வருகிறதா என்று மீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், சரியாக வந்தது. தகவல் போகிற இரட்டைத் தடங்கள் எங்காவது இடம் மாறியிருக்கிறதா என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தார், மாறவில்லை. சிப்பைத் தொடங்கிவைக்கிற ரீசெட் கால் சொன்ன நேரத்தில் எழுகிறதா என்று பார்த்தார்; எழுந்தது. சிப்பைப் பெயர்த்துப் புதுச் சிப்பு வைத்தார். அதுவும் பழையதைப் போலவே வந்தது, போனது. ஈரக் காற்றில் போர்டு வேர்க்கிறது என்று தலைமுடி உலர்த்துகிற மெஷினை வைத்துக் காயவைத்தார். சின்னவளின் மெஷின் அது. அவள் முடியைக் காயவைத்து எத்தனையோ காலமாயிற்று.

இடையிடையே பின்னறைக்குப் போவார். தம்பியின் தலைமாட்டில் நின்று, "வந்துருச்சுடா, இன்னும் கொஞ்சம்தான். அப்புறம் நீ பேசு, நான் கேக்கறேன். ஊரையே ஏலம் போடு" என்பார். தம்பி கண்ணை மூடித் திறப்பான். அந்தக் கண் சிரிக்கிறது என்பார் வெளியே வந்து. பெரியவளும் பார்த்தாள். அவளுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. பொறுத்துப்போகிற கண்ணாகத்தான் பட்டது.

ஒரு காலையில் கஞ்சி புரையேறியது.

சின்னவள் கத்தவில்லை. "அக்கா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள். அந்தக் கூப்பாட்டிலேயே பெரியவளுக்குக் கையிலிருந்த இடுக்கி நழுவியது. தம்பியின் முகம் நீலம் பாரித்துக்கிடந்தது. ஆம்புலன்ஸ் மழைத்தண்ணீரைப் பிளந்துகொண்டு போயிற்று. சின்னவள் முன்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஒரு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள், அவன் பெயர், வயசு, என்ன மருந்து என்றெல்லாம் சொல்ல.

உள்ளே அவன் மூக்கிலும் வாயிலும் ஒரு மூடியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காற்று அதில் சீறிக்கொண்டு வந்தது. ஓரம் சரியாகப் பொருந்தாமல் காற்று மேலே பிய்த்துக்கொண்டு அவன் கண்ணில் அடித்தது. பார்த்தறியாத ஒரு இளவயது டாக்டர் வந்தார்.

"இது கொஞ்ச நேரம்தான் தாங்கும். தொண்டையில குழாய் வைக்கிறதைப் பத்தி அவர் ஏதாவது சொல்லி வச்சிருக்காரா?"

போர்டுக்காரர் பெரியவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் கேக்கறேன்" என்றார். குனிந்தார். தம்பியின் காதோடு வாயை வைத்துக்கொண்டு, "தம்பி, குழாய் வைக்கச் சொல்லட்டுமாடா?" என்றார். 'வைக்கட்டுமா, வேண்டாமா' என்று அவர் கேட்கவில்லை.

தம்பி கண்ணை மூடினான்.

"மூடிட்டான். பாத்தீங்கல்ல டாக்டர்? ஆமான்னு அர்த்தம். எங்க வீட்ல அதான் ஏற்பாடு." சொல்லிக்கொண்டே அவர் டாக்டரின் கையைப் பிடித்து வெளியே இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

பெரியவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். தம்பி கண்ணைத் திறந்தான். திறந்த கண் கூரையைப் பார்த்தது. இமைத்துவிட்டு மறுபடியும் கூரையையே பார்த்தது. மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு கூசுகிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைக்கத்தான் வேண்டியிருந்தது. விளக்குக்கும் அவன் கண்ணுக்கும் நடுவில் தன் முந்தானையை மறைப்பாகப் பிடித்தாள். அவன் பார்வை அதையும் தாண்டி மேலே போயிற்று.

குழாய் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கூடவே ஒரு மூச்சு மெஷினும் வந்தது. அது புஸ்ஸென்று உள்ளே தள்ளும், கிளுக்கென்று நிற்கும், மறுபடி தள்ளும். சின்னவள் சளி உறிஞ்சப் பழகினாள், தொண்டைத் துளையைத் துடைக்கப் பழகினாள். முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது, ஆள் தேறிவிட்டார் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். தலை வாரிக்கொண்டாள்.

போர்டுக்காரருக்கோ சொல்லி முடியாத உற்சாகம். "இனி அவசரமில்ல. நிதானமா பண்ணலாம்" என்றார். அன்றே மேசையில் உட்கார்ந்தார்.

"ஒயரு நழுவுது. இந்த ஓரத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பிடி" என்றார்.

பெரியவள் ஆள்காட்டி விரலால் போர்டை அழுத்தினாள். பச்சை விளக்கு வந்தது. ஒலிபெருக்கி டொக்கென்றது. கேமரா ஒன்று, இரண்டு என்று திரையில் வரிசையாக வந்தன. இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணையவே இல்லை.

அவள் விரலை எடுத்தாள். எல்லாம் போனது.

வைத்தாள். வந்தது.

"எதைத் தொடறே?" என்றார்.

அவள் விரலின் நுனி எங்கே இருக்கிறது என்று அவளே பார்த்தாள். சிப்புக்குத் தாளம் போடுகிற கிரிஸ்டல் அது. வெள்ளி நிறத்தில் அரிசி மணி அளவு. பக்கத்திலேயே அதன் தாளத்தை நிலைநிறுத்துகிற கெப்பாசிட்டர் இரண்டு. அவற்றின் அளவு குறைவாக இருந்திருக்கிறது. விரல் பட்டதும் உடம்பு அந்தக் குறையை ஈடு கட்டியது. எடுத்ததும் தாளம் தப்பியது. அவ்வளவுதான் நோய். கடுகளவில் இரண்டு சாமானை மாற்றினால் தீர்ந்தது.

அவள் விரலை எடுக்காமலே கேட்டாள்.

"கிரிஸ்டலை இதுவரைக்கும் பாக்கலையா நீங்க?"

"பாத்திருப்பேன்."

"பாக்கல. கூடவே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஃபோன்ல ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் என்ன சொல்வீங்க? 'ஹப்பு வரலையா, முதல்ல கிரிஸ்டலைப் பாரு'. சொல்லுவீங்களா இல்லையா? சிப்பைப் பேத்தீங்க. முடி காயவைக்கிறதைக் கொண்டுவந்து ஊதினீங்க. முதல்ல பாக்க வேண்டியதை ஏன் பாக்கல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"தோணல" என்றார்.

தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்று அவள் கேட்கவில்லை. சின்னவளைப் போலத்தான் அவளும், கேட்டால் சொல்லிவிடுவாரே. சரியான கெப்பாசிட்டர் இரண்டை எடுத்து, பழையதைச் சுட்டு நீக்கி, புதிதை வைத்தாள். இந்த வேலைக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலில் மெஷினைப் பொருத்தினார்கள். சின்னவள் தலையணையை உயர்த்திக் கொடுத்தாள். தம்பியின் கண் எழுத்து எழுத்தாக ஓடியது. அட்டையில் தவித்த கண்ணா இது என்று இருந்தது. ஒலிபெருக்கி பேசியது. தொலைபேசியில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்கிற அதே குரல்.

"இது யார் குரல்? ஏலத்துல விட்டா எடுக்க ஆள் வராது."

சின்னவள் முதலில் திகைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் கொட்டியது. போர்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "வந்துட்டான் பாரு, வந்துட்டான் என் தம்பி" என்று பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினார். பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

தம்பியின் கண் மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அண்ணா."

"சொல்லுடா."

"ஆஸ்பத்திரியில கேட்ட."

போர்டுக்காரர் சிரிப்பு முகத்தோடேயே நின்றார்.

"காத்து கண்ணுல அடிச்சுது. எரிச்சல். மூடினேன்."

மூச்சு மெஷின் உள்ளே தள்ளியது, நின்றது.

"மேல பாக்கறதுக்குள்ள நீ போயிட்ட."

சின்னவள் கணவன் முகத்தையும் போர்டுக்காரர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. புரியாமல் இருக்கட்டுமே என்று பெரியவளுக்கு இருந்தது. கண் நிற்காமல் ஓடியது.

"வேண்டாம்னுதான் சொன்னேன். அண்ணி பாத்தாங்க."

போர்டுக்காரர் பெரியவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலடியில் குனிந்தார். ஒயரைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"என்ன மாமா?" என்றாள் சின்னவள்.

"போர்டுல ஏதோ கோளாறு. எழுத்து மாறி மாறி விழுது. அவன் சொல்றது ஒண்ணு, இது படிக்கறது ஒண்ணு." அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது. கஸ்டமரிடம் பேசுகிற குரல். "காலையில செய்ய வேண்டியதை இப்பவே அவசரப்பட்டு மாட்டினா இப்படித்தான்."

போர்டைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போனார். பெரியவளும் பின்னாலேயே போனாள். அவர் பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டார். மின்சாரத்தை அளந்தார், சரியாக இருந்தது. கிரிஸ்டலை அளந்தார், தாளம் பிசகவில்லை. கேமராக்களுக்குப் பதிலாக மேசையிலிருந்த வேறு இரண்டை மாட்டிப் பார்த்தார், வந்தன. ஒலிபெருக்கி வந்தது. எல்லாம் ஒழுங்காக வந்தது. வந்ததைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்னங்க."

அவர் நிமிரவில்லை.

"போர்டு நல்லாத்தான் இருக்கு. அவர் சொன்னது நிஜம். நான் பாத்தேன். மேலதான் பாத்தார். நான் முந்தானையைப் பிடிச்சு மறைச்சேன்."

சால்டர் முனை ஈயத்தைத் தொட்டது. புகை எழுந்தது.

"ஈயம் விட்டிருக்கும் எங்கயோ" என்றார். "ஒவ்வொரு காலா பாக்கணும்."

கையை நீட்டி அந்தப் போர்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் மாட்டிவிடப் பெரியவளால் முடியும். இரண்டு திருகாணி, ஒரு ஒயர். அவள் கை போகவில்லை. அடுத்து அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். குழாயை எடு என்பான். அதைக் கேட்டபிறகு இந்த வீட்டில் யார் யார் முகத்தைப் பார்ப்பது?

சின்னவள் கதவருகே வந்து நின்றாள்.

"மாமா, அவர் கண்ணு அந்தத் திரையையே பாத்துட்டிருக்கு. இன்னும் ஏதோ சொல்லணும் போல. எப்ப குடுப்பீங்க?"

"கோளாறைக் கண்டுபிடிக்காம எப்படிம்மா குடுக்கறது?" என்றார் போர்டுக்காரர். சூடுகாற்றுத் துப்பாக்கியைத் தட்டிவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சிப்பைப் பெயர்க்க ஆரம்பித்தார்.